ட்ரங்குப் பெட்டியைக் காலி பண்ணி, கால்மிதி பின்னுவது எப்படி?

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில். எங்கள் லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. அதற்குள் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, தம்பியின் படிப்பு மேசை, டீவி, சாமிப் படம். கட்டிலுக்கடியில் மூன்று ட்ரங்குப் பெட்டி. ஆள் ஐந்து பேர். வீட்டை ஒதுக்குவது பற்றி யூடியூபில் நிறையச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் நடு ஹோலில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது மனசுக்குச் சந்தோஷமா என்று கேட்டுப் பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு நடு ஹோலே கிடையாது. குவித்தால் ஆள் நிற்க இடமிருக்காது. கொழுந்துக் கூடையை எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டால் அம்மா என்னைத்தான் வெளியே போடுவார்.

அதனால் நான் செய்வது ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. முதலில் துணிப் பெட்டி. அதில் கிடைக்கும் பழைய நூல் சேலையைக் கிழித்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) போட ஒரு கால்மிதி பின்னுவோம். இடையில் பசிக்குமே, அதற்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். தையல் மெஷின் வேண்டாம். சடை பின்னத் தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாயிக்கு, அதுதான் அம்மாவின் அம்மாவுக்கு, எதையும் வீசப் பிடிக்காது. "வச்சிரு, என்னைக்காச்சும் ஒதவும்" என்பார். இதற்காக அவரோடு எத்தனையோ சண்டை. இப்போது யோசித்தால் பாதி அவர் சொல்வதும் சரிதான். உதவும் என்று வைத்த துணி பெட்டிக்குள்ளேயே பூத்துப் போவதுதான் பிரச்சினை.

நாள் பார்ப்பது

கல்யாணத்துக்குப் பார்ப்பது போல இதற்கும் நாள் பார்க்க வேண்டும். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. அந்த மாதங்களில் பெட்டியைத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் போதாதென்று வெளி ஈரமும் சேரும். எங்களுக்கு நல்லது ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தவர்களுக்கு இது தலைகீழ். ஜூன், ஜூலையில் அங்கே காற்றும் வெயிலுமாக இருக்கும், ஒக்டோபருக்குப் பிறகுதான் மழை கனக்கும். எந்தப் பக்கமானாலும் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் காய்ந்த துணியும் திரும்ப ஈரமாகிவிடும்.

படி 1: மாவைப் பிசைந்து வையுங்கள்

பெட்டியைத் தொடுமுன் இதை முடித்துவிடுங்கள். அப்புறம் கையெல்லாம் தூசி.

கோதுமை மா 500 கிராம், துருவிய தேங்காய் அரை மூடி, உப்பு ஒரு தேக்கரண்டி. தேங்காய் நம் மலையில் காய்ப்பதில்லை, கீழே இருந்து வர வேண்டும். விலை ஏறிய நாட்களில் கால் மூடி போட்டாலும் ரொட்டி வரும், கொஞ்சம் வறட்டலாக இருக்கும், அவ்வளவுதான். முதலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் உப்பையும் தண்ணீர் இல்லாமல் விரலால் நன்றாகப் பிசிறுங்கள். தேங்காயின் ஈரம் மாவில் ஏறும். பிறகு தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுங்கள். ஒரு கோப்பைக்குக் கொஞ்சம் கூடப் போகும். கையில் ஒட்டாமல், காது மடலைப் போல மெதுவாக வந்தால் சரி. ஈரத்துணியால் மூடிக் குசினியில் வையுங்கள். அரை மணி நேரம் போதும், இரண்டு மணி நேரம் இருந்தாலும் கெடாது.

படி 2: பெட்டியை வெளியே இழுங்கள்

இஸ்தோப்பிலோ வாசலிலோ ஒரு பாயை விரித்து, பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோங்கள். காம்பராவுக்குள் பிரிக்காதீர்கள். பூஞ்சணத் தூசி மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்குத் தும்மல்தான். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

துணியை நான்காகப் பிரியுங்கள்: உடுப்பது, கொடுப்பது, கிழிப்பது, எரிப்பது. ஒவ்வொரு துணிக்கும் நிறைய யோசிக்க வேண்டாம். போன தீபாவளிக்கும் அதற்கு முந்திய தீபாவளிக்கும் இடையில் ஒருதரமாவது உடுத்தியிருந்தால் அது உடுப்பது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை சிறிதாகிப் போயிருந்தால் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு, கொடுப்பதில். நூல் சேலை, பழைய பெட்ஷீட், சாரம், டீ-சேர்ட் எல்லாம் கிழிப்பதில். எலி கடித்து நாறிப் போனது மட்டும் எரிப்பது. நைலெக்ஸ் சேலையை எரிக்க வேண்டாம், அது உருகிப் புகைந்து லயம் முழுக்க நாறும். அதை மரக்கறிப் பாத்திக்குப் பந்தல் கட்டலாம்.

ஐந்தாவதாக ஒன்று கட்டாயம் வரும். கடதாசி. துணிக்கடியில் கடதாசி வைக்காத ட்ரங்குப் பெட்டி மலையகத்திலேயே இருக்காது. எங்கள் பெட்டியின் அடியில், ஒரு மஞ்சள் பைக்குள், அம்மாயியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தது. 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமையைத் திரும்ப வாங்க ஒரு தலைமுறையே அலைந்த கடதாசி. ஒரு மூலையை எலி தின்றிருந்தது. நல்லவேளை, பெயரும் இலக்கமும் தப்பின. அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. ஈரத்தில் மடிப்போடு ஒட்டி, பிரிக்கும்போது இரண்டாகப் போனது. புதுப் பிரதி எடுக்க ஒரு கந்தோருக்கு மூன்று தரம் போனோம். மூன்று நாள் பேர், அதாவது மூன்று நாள் சம்பளம், போச்சு.

ஆகவே எந்தக் கடதாசியையும் இன்றைக்கு வீசாதீர்கள். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், பிள்ளையின் கிளினிக் கொப்பி, சம்பளத் துண்டு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போடுங்கள். ஈ.பி.எஃப். காசைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அந்த நேரத்தில் அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர் என்று இருந்தால், இந்தப் பழைய துண்டுகள்தான் கைகொடுக்கும். டின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். திரும்பப் பெட்டிக்குள் போக வேண்டாம்.

படி 3: பெட்டியைக் காய வையுங்கள்

வினாகிரி தொட்ட துணியால் உள்ளே துடைத்து, மூடியைத் திறந்து வெயிலில் விடுங்கள். உடுக்கும் துணிகளையும் கொடியில் போடுங்கள். திரும்ப அடுக்கும்போது அடியில் பழைய பத்திரிகை, மேலே நப்தலின் உருண்டை இரண்டு. கட்டிலுக்கடியில் தள்ளுமுன் நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து உயர்த்துங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். லயத்துப் பின்சுவர் மழைக்கு வேர்க்கும். பெட்டி துருப்பிடிப்பது அங்கேயிருந்துதான்.

படி 4: சாப்பிடுங்கள்

பதினொரு மணியாகியிருக்கும். மாவை ஏழெட்டு உருண்டையாக்கி, எண்ணெய் தொட்ட கையால் விரல் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தட்டுங்கள். கல் நன்றாகச் சூடானதும் போட்டு, தணலைக் குறையுங்கள். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். இரண்டு பக்கமும் பழுப்புப் புள்ளி விழுந்ததும் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மாவு அமுங்காமல் திரும்ப எழும்பினால் வெந்துவிட்டது.

சம்பலுக்கு காய்ந்த மிளகாய் பத்து, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, மாசிக் கருவாட்டுத் தூள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, பாதித் தேசிக்காய். அம்மியில் மிளகாயையும் உப்பையும் முதலில் நசுக்குங்கள். அடுத்தது மாசி. வெங்காயத்தைக் கடைசியில் போட்டு இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். கூழாக்கினால் அது சம்பல் இல்லை. தேசிப்புளியை அம்மியில் விடாமல் கிண்ணத்தில் எடுத்த பிறகு பிழியுங்கள். சாயத் தேத்தண்ணியோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பெரிய வேலை இனிமேல்தான்.

படி 5: சேலையைக் கிழியுங்கள்

ஒரு சாதாரண நூல் சேலை ஐந்தரை மீற்றர். அதில் இரண்டு கால்மிதி வரும், எனவே பாதி போதும். முதலில் சேலைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். அது கெட்டி, பின்னலில் வளையாது. கட்டுக் கயிறாக வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, கையால் நீளவாக்கில் இழுங்கள். நூல் துணி நேர்கோட்டில் கிழியும், கத்தரிக்கோல் தேவையில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராவில் எட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு மூன்று மீற்றராகக் குறைத்துக்கொள்ளுங்கள். நீளமாக விட்டால் பின்னும்போது வால் சிக்கி, பிரிப்பதிலேயே பொழுது போகும்.

துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள், மிதிக்கும்போது குத்தும். ஒவ்வொரு துண்டின் இரு நுனியிலும் பொத்தான் துளையைப் போல ஒரு சிறு கீறல் போடுங்கள். பழைய துண்டின் நுனியைப் புதிய துண்டின் துளைக்குள் நுழையுங்கள். பிறகு புதிய துண்டின் மறுமுனையை எடுத்துப் பழைய துண்டின் துளைக்குள் விட்டு, முழுவதையும் இழுங்கள். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முதல் தரம் குழப்பும். மூன்றாவது தரம் கை தானாகச் செய்யும்.

படி 6: பின்னுங்கள்

மூன்று துண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, தலைமுடியைப் போலவே பின்னுங்கள். மூன்றும் ஒரே நீளமாக இருக்க வேண்டாம், இணைப்பெல்லாம் ஒரே இடத்தில் வந்து கட்டியாகிவிடும். இறுக்கம் ஒரே சீராக இருந்தால் போதும். பின்னல் ஏறக்குறைய ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலம் வரும். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள முட்டை வடிவ மிதிக்கு ஏறக்குறையப் பதினாறு மீற்றர் பின்னல் வேண்டும். டீவி பார்த்துக்கொண்டே பின்னலாம். எனக்கு இரண்டு பின்னேரம் ஆனது. ஒரே நாளில் முடிப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 7: சுற்றித் தையுங்கள்

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவது. நானும் விட்டேன்.

முட்டை வடிவத்துக்கு நடுவில் முதலில் ஒரு நேர்வரி வேண்டும். அதன் நீளம் எவ்வளவு? மிதியின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழியுங்கள். 24 அங்குலத்தில் 18 போனால் 6. ஆகவே பின்னலை ஆறு அங்குலம் நேராக வைத்து, திருப்பி, அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போங்கள். நூலுக்கு மாச் சாக்கின் வாயைத் தைத்த நூலைப் பிரித்து எடுத்தால் அறாது. கோணி ஊசியில் கோர்த்து, துணியைக் குத்தாமல், பின்னலின் கண்ணுக்குள் விட்டு அடுத்த வரியின் கண்ணோடு சேர்த்து இழுங்கள். வெளியே நூல் தெரியாது.

என் முதல் மிதியை மடியில் வைத்துத் தைத்தேன். வளைவில் பின்னலை இழுத்து இழுத்துப் பிடித்தேன். பத்துச் சுற்று முடிந்ததும் மேசையில் வைத்தால் அது தொப்பியாக எழுந்து நிற்கிறது. அண்ணன் மகன் தலையில் போட்டுக்கொண்டு லயம் முழுக்க ஓடினான். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றை விட ஒன்பது சென்ரிமீற்றர் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், அது முழுவதும் இரண்டு வளைவுகளில்தான் சேர வேண்டும். அதனால் வளைவு வரும்போது வெளிப் பின்னலை இழுக்காதீர்கள். உள்வரியில் அடுத்த கண்ணை எடுத்தால், வெளிவரியில் ஒரு கண்ணை விட்டுவிட்டு அதற்கடுத்ததை எடுங்கள். நேரான இடத்தில் கண்ணுக்குக் கண். எப்போதும் மேசையிலோ தரையிலோ வைத்தே தையுங்கள். ஓரம் அலையலையாக நெளிந்தால் வளைவில் கூடக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தச் சுற்றை மட்டும் பிரித்தால் போதும்.

கடைசி ஒரு சாணில் மூன்று துண்டையும் வரவர மெலிதாக வெட்டிப் பின்னி, நுனியை உள்வரிக்குள் செருகித் தைத்துவிடுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரை என்றால் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அடியில் பழைய சைக்கிள் டியூபை நான்கு பட்டியாக வெட்டித் தைப்பது நல்லது. முதல் தரம் தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சாயம் போகும். நம் காலநிலையில் காய இரண்டு நாளாவது பிடிக்கும். அதனால்தான் அந்த மற்றப் பாதிச் சேலையில் இன்னொன்று செய்து மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறேன்.

நான் பின்னியது அம்மாயியின் பச்சை நூல் சேலையில். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கிழித்தேன், "எடுத்துக்க" என்றார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இஸ்தோப்புப் படியில் போட்டேன். மறுநாள் காலை மிதியைக் காணோம். தேடிப் பார்த்தால் கழுவிய பெட்டிக்குள், நப்தலின் உருண்டைக்கு மேலே, நான்காக மடித்து வைத்திருக்கிறார். "இவ்வளோ பாடுபட்டுப் பின்னுனத யாராச்சும் சேத்துக் காலோட மிதிப்பாங்களா?"

படியில் இப்போது கிடப்பது தம்பியின் சாரத்தில் பின்னியது.