மூளைக்கு ஒரு ஷூ டப்பா: படித்ததை மறக்காமல் வைப்பது எப்படி?

நீல நிற ஐம்பது ரூபாய் நோட்டை எத்தனை முறை கையில் வாங்கியிருப்பீர்கள்? சரி, இப்போது நோட்டை எடுக்காமல் சொல்லுங்கள்: அதன் பின்பக்கத்தில் என்ன படம் இருக்கிறது?

பல பேருக்கு வராது. (ஹம்பியின் கல்தேர். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.) கண் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. ஆனால் யாரும் இதுவரை கேட்டதில்லை, அதனால் மூளையும் எடுத்து வைக்கவில்லை. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதிலும் இதேதான் நடக்கிறது. நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லா வரியும் பழகிய முகமாகத் தெரியும். “தெரியும், தெரியும்” என்று மனசு சொல்லும். புத்தகத்தை மூடினால் ஒன்றும் வராது.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு பத்தியை ஒரே தடவை வாசித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது இரண்டு தடவை வாசித்த பத்திதான் நன்றாக வந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழாகிவிட்டது: வாசித்ததில் 42 சதவீதம் மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம்.

ஏன் அப்படி? நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றை ஒன்று தொடாது. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி. இந்தப் பக்கத்துச் செல் ஒரு வேதிப்பொருளை விட, அந்தப் பக்கத்துச் செல் வாங்கிக்கொள்ளும். அடிக்கடி இப்படிக் கொடுக்கல் வாங்கல் நடந்தால் வாங்கும் பக்கத்தில் வாசல்கள் கூடும். அடுத்த தடவை சேதி சுலபமாகக் கடக்கும். வாசிக்கும்போது பதிலைக் கண்ணே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. கேள்வியிலிருந்து பதிலுக்குப் போகிற வழியை மூளை ஒரு தடவைகூட கடக்கவில்லை. மூடிவைத்து யோசிக்கும்போதுதான் அந்த வழி வேலை செய்கிறது.

ஆகவே, தினமும் உங்களைக் கேள்வி கேட்க ஒரு டப்பா செய்வோம். இந்த முறையை 1972-இல் எழுதிப் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர்.

வேண்டியவை: ஒரு ஷூ டப்பா, தடுப்புக்கு நாலு அட்டைகள், ஒரு பேனா, சீட்டுகள். நாலு தடுப்பு வைத்தால் ஐந்து அறைகள் கிடைக்கும். ஏ4 அளவு கெட்டித் தாளை மூன்று முறை இரண்டாக மடித்துக் கிழித்தால் எட்டுச் சீட்டு வரும்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10.5 × 7.4 செ.மீ. நோட்டுத் தாள் வேண்டாம், பின்பக்கத்துப் பதில் நிழலாகத் தெரியும். தெரிந்தால் கண் திருடும். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால், அச்சிட்ட பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சீட்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு விஷயம். “ஒளிச்சேர்க்கை பற்றி எழுது” என்று எழுதினால் அது சீட்டே அல்ல, பாதி தெரிந்தால் சரியா தப்பா என்று நீங்களே முழிப்பீர்கள். “ஒளிச்சேர்க்கையில் இலை உள்ளே இழுக்கும் வாயு எது?” என்று ஒன்று, “வெளியே விடும் வாயு எது?” என்று இன்னொன்று. பதில் ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவில் இருக்கட்டும்.

புதுச் சீட்டு எல்லாம் முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் அறை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் அறை ஞாயிறுதோறும், நாலாம் அறை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்தாம் அறை மாதம் ஒருமுறை. பதில் சரியென்றால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தப்பென்றால், நாலாம் அறையில் இருந்தாலும் சரி, முதல் அறைக்கே திரும்பும். அழ வேண்டாம், இரண்டாம் தடவை அது வேகமாக ஏறிவிடும்.

சீட்டைத் திருப்பும் முன் பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது எழுதுங்கள். இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மனசுக்குள் “அதுதானே” என்று முனகிவிட்டுத் திருப்பினால் எல்லாமே சரியாகத்தான் தோன்றும். வரவில்லையென்றால் பத்து எண்ணும் வரை தேடுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால் திருப்பிப் பாருங்கள். தேடிக் களைத்தபின் பார்க்கும் பதில் நன்றாக ஒட்டும். பக்கத்தில் இருக்கும் அம்மாவோ அண்ணனோ முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்காமல் இருந்தால் பெரிய உதவி.

ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு புதுச் சீட்டு போதும். ஆசையில் முப்பது போட்டால் மறுநாள் அந்த முப்பதும் புது முப்பதும் வரிசையில் நிற்கும், மூன்றாம் நாள் டப்பா கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இடைவெளி எதற்கு? ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, கணக்கு வைத்து 1885-இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது; அதன்பின் மறதி மெதுவாகியது. கொஞ்சம் மறக்க ஆரம்பித்த நேரத்தில் தேடி எடுத்தால்தான் மூளைக்கு வேலை. ஐந்து நிமிஷத்துக்கு முன் சொன்னதையே மறுபடி சொன்னால் அது இன்னும் நாக்கு நுனியிலேயே இருக்கும்.

வாய்ப்பாட்டுக்கு ஒரு தனி வார்த்தை. ஏழாம் வாய்ப்பாட்டை மடமடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் “ஏழெட்டு?” என்று கேட்டால், உதடு “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு” என்று கீழிருந்து ஏறி வரும். தப்பு பிள்ளையுடையது அல்ல. வரிசையாகவே படித்ததால் ஒவ்வொரு வரிக்கும் முந்தின வரிதான் சாவி. அதனால் சீட்டுகளைக் குலுக்கிக் கேளுங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறும் ஆறொன்பது ஐம்பத்து நாலும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். பக்கத்துப் பக்கத்து விடைகள் குழம்புவது சகஜம். ஏழெட்டுச் சீட்டின் பின்பக்கம் “5, 6, 7, 8: 56 = 7 × 8” என்று எழுதிவையுங்கள். எண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் அது தனியாகப் பிரிந்துவிடும்.

டப்பாவை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எடுத்தால் நல்லது, ஏனென்றால் பிறகு தூக்கம் வருகிறது. காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், சுண்டுவிரல் அளவில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி உண்டு. கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். பகலில் கற்றதைத் தூக்கத்தில் அது மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. எலிகளின் மூளையில் 1994-இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண் விழித்து மக்கப் அடித்தால் அந்த ஓட்டமே நடக்காது.

சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது இதெல்லாம் டப்பாவுக்குள் வராது. அது வேறு நினைவு. ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்தபோது ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி இரண்டு பக்கமும் எடுக்கப்பட்டது. அதன்பின் சந்தித்தவர்களை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். நீங்களும் செய்து பார்க்கலாம்: இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் வரைந்து, கையை ஓர் அட்டையால் மறைத்து, எதிரே வைத்த கண்ணாடியில் மட்டும் பார்த்து அந்தக் கோடுகளுக்கு நடுவில் பென்சிலை ஓட்டுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, மூன்று நாள். எத்தனை இடத்தில் கோடு தாண்டியது என்று ஒவ்வொரு முறையும் எண்ணி எழுதுங்கள். மொலெய்சனுக்கும் நாளுக்கு நாள் தப்பு குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் ஏறக்குறைய சுத்தமாக வரைந்தார், அந்தப் பயிற்சியை முன்னால் செய்ததே அவருக்கு நினைவில்லாமல்.