ப்ரீ சமவெளியில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் கழிவுக் குழியைப் பாருங்கள்

பாரிஸ் லாச்சப்பலில் கொடுக்கும் வாடகைக் காசுக்கு, பாரிசுக்குக் கிழக்கே ப்ரீ சமவெளியில் வளவோடு ஒரு வீட்டுக்குக் கடன் கட்டலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் நாங்களும் வந்தோம். ப்ரொவன் பட்டணப் பக்கம் ஒரு சின்ன ஊர், கொம்யூன் என்பார்கள். ப்ரொவனிலிருந்து பாரிஸ் கார் து லெஸ்ட் நிலையத்துக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணித்தியாலம், நவிகோ பயண அட்டை செல்லும். சுற்றிவரக் கோதுமை, கொல்சா என்ற எண்ணெய்க் கடுகு, சீனிக்கிழங்கு. கடை கிடையாது, பாண் வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். மேரி, அதாவது ஊர் மன்ற அலுவலகம், வாரத்தில் இரண்டு மாலைதான் திறக்கும். மேயரே ஒரு கமக்காரர். வந்த கிழமையே போய் வணக்கம் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளின் பள்ளிப் பதிவும் அங்கேதான்.

சரி, நாங்கள் அடிபட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பாரிஸ் போல எல்லா இடமும் பொதுக் கழிவுக் குழாய் இல்லை. இந்தப் பக்கம் பல வீடுகளுக்குச் சொந்தக் குழிதான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. கிணற்றுக்குத் தூரமாக இருந்தால் போதும், நிரம்பினால் பவுசரைக் கூப்பிடலாம். அந்த நினைப்பில்தான் நானும் கையெழுத்து வைத்தேன்.

இங்கே ஸ்பாங்க் என்ற பொதுச் சேவை குழியைப் பரிசோதித்து அறிக்கை எழுதும். விற்பவர் மூன்று ஆண்டுக்கு உட்பட்ட அறிக்கையைக் காட்டவேண்டும். அதில் 'நொன் கொன்ஃபோர்ம்' (விதிக்கு ஒத்துவரவில்லை) என்று இருந்தால், வீடு எழுதிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் திருத்துவது வாங்கியவர் தலையில். எங்கள் அறிக்கை ஈயம், அஸ்பெஸ்டஸ், மின்சாரம் என்று தடித்த கட்டின் அடியில் கிடந்தது. வீடு காட்டியவர், "பழைய வீடென்றால் இப்படித்தான்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆண்டு முடிந்ததும் பரிசோதகர் வந்தார். கக்கூஸில் பச்சைச் சாயம் ஊற்றித் தண்ணீரை இழுத்துவிட்டு, மதிலுக்கு வெளியே வாய்க்காலோரம் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் பச்சையாக ஓடியது. அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் கோதுமை வயல். எங்கள் அப்பாவும் கமக்காரர்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ப்ரீ மண் களி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயல்களுக்கே அடியில் வடிகால் குழாய் போட்டிருக்கிறார்கள். அதனால் குழியை மட்டும் மாற்றி எங்களுக்குச் சரிவரவில்லை. மண் பரிசோதனை, ஸ்பாங்க் அனுமதி, அப்புறம் குழியிலிருந்து வரும் கழிவுநீரை வடிகட்டும் மணல் படுக்கை. பதினோராயிரம் யூரோ போயிற்று, மகளின் சாமத்தியச் சடங்குக்கு வைத்திருந்த காசும் அதோடு சேர்ந்து.

ஆகவே கொம்ப்ரொமி என்ற முதல் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் அந்த அறிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். குறை இருந்தால் வேலைக்கு ஒரு தெவி (செலவு மதிப்பீடு) எடுத்து, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கையெழுத்து வைத்துவிட்டாலும் பத்து நாளுக்குள் விலகலாம். வீட்டு உறுதி எழுதும் நொத்தேர் விற்பவருக்கு இருந்தாலும், உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நொத்தேரும் ஒரே கட்டணத்தைத்தான் பங்கிடுவார்கள், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை.

படுக்கை போட்டபின் அதன்மேல் கார் நிறுத்தக்கூடாது, மூன்று மீட்டருக்குள் மரமும் கூடாது. அம்மா ஆசைப்பட்ட செரிக் கன்றை மதில் மூலையில் தள்ளி நட்டோம். குழி வெட்ட மண்வெட்டியோடு வந்தவர் அந்த வயல்காரர்தான்.