டெல்டா ஈரத்தில் ஸ்னீக்கர் சேகரிப்பு: பூட்டி வைத்தே கெடுத்துவிடாதீர்கள்

மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போவதற்காகப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி ஸ்னீக்கரை எடுத்தேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா மகன் 2009இல் வாங்கி வந்தது. மொத்தமாக நான்கு முறைகூடப் போட்டிருக்க மாட்டேன். மண்டபத்துப் படி ஏறும்போது இடது குதிகாலுக்குக் கீழே ஏதோ அமுங்கியது. பந்திக்குப் போய் உட்காருவதற்குள் நடந்த வழியெல்லாம் மாவு மாவாக உதிர்ந்து கிடந்தது. மேல் தோலில் ஒரு கீறல் இல்லை, லேஸ் புதிதாகவே இருந்தது. அடிப்பாகம் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

அதுவரை நான் நினைத்திருந்தது, போட்டுத் தேய்க்காததால் பத்திரமாக இருக்கும் என்று. இப்போது கும்பகோணம் வீட்டில் 72 ஜோடி வைத்திருக்கிறேன். முதல் நாளிலேயே யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஆறேழு ஜோடிகளைக் காப்பாற்றியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போடாமல் வைத்தால் கெடாது என்ற நம்பிக்கை

உதிர்ந்தது பாலியூரித்தேன் என்ற நுரை. தரையில் படும் ரப்பருக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் மிட்சோல் பல ஷூக்களில் இதனால் ஆனது. இந்த நுரையில் பெரும்பாலும் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். காற்றில் இருக்கும் நீராவி மெல்ல உள்ளே போய் அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. அறுபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை இன்னும் வேகப்படுத்துகிறது. வெப்பமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் மிதிக்கும்போதுதான் தெரியும்.

எல்லா ஷூவுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. நைக்கியின் 1985இல் வந்த ஏர் ஜோர்டன் 1க்கு ரப்பர் கிண்ணம் போன்ற அடி. அது கடினமாகலாம், மஞ்சளாகலாம், இப்படி மாவாகாது. 1988இல் வந்த ஜோர்டன் 3, அடுத்த ஆண்டு வந்த ஜோர்டன் 4 இரண்டுக்கும் பாலியூரித்தேன் மிட்சோல். கான்வர்ஸ் வகைக்கு வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய ரப்பர். ஓடுவதற்கான ஷூக்களில் பெரும்பாலும் இ.வி.ஏ. நுரை இருக்கும். அது காலப்போக்கில் சுருங்கி இறுகும், ஈரத்தால் இப்படிக் கரையாது. ஆகவே முதல் வேலை, உங்கள் ஜோடிகளை மிட்சோல் வாரியாகப் பிரிப்பது. பல ஷூக்களின் நாக்கின் உள்பக்க லேபிளில் தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். பாலியூரித்தேன் அடி உள்ளதும் பத்து வயதைத் தாண்டியதும் ஒரு பக்கம் போகட்டும். அவற்றை மாதம் ஒருமுறையாவது வீட்டுக்குள் போட்டு நடங்கள். நுரை அமுங்கி விரியும்போது உள்ளே தங்கிய ஈரம் வெளியேறுகிறது என்பது சேகரிப்பாளர்கள் பலரும் அனுபவத்தில் கண்டது. இதனால் அழிவு நின்றுவிடாது. ஆனால் சும்மா கிடந்த ஜோடிதான் முதலில் போகிறது, இதை நானே பார்த்துவிட்டேன்.

அளக்காமல் வைப்பது

கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனவர்களுக்கு 17 சதவீதம் என்ற எண் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். கருவியை நெல்லில் வைத்து ஈரப்பதம் பார்க்காமல் யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள். ஆனால் மூட்டை நெல்லை விட விலை அதிகமான ஷூவை வைக்கும் அறையில் ஈரப்பதம் எவ்வளவு என்று நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குறி வைக்க வேண்டியது 45 முதல் 55 சதவீதம். 65ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி விட்டாயிற்று. 35க்குக் கீழே போவதும் நல்லதல்ல, தோல் வறண்டு வெடிக்கும்.

மலிவான மீட்டர் தவறாகக் காட்டலாம். அதைச் சரிபார்க்க சமையலறையே போதும். ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் வைத்து மூடுங்கள். எட்டு மணி நேரம் கழித்து 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் 5 கூட்டிச் சொல்கிறது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று. ஜாடியில் தூள் உப்பு கசிந்து ஈரமானால், அந்த வீட்டில் ஈரப்பதம் 75ஐத் தொட்டுவிட்டது என்று பொருள். வேதாரண்யத்துக் கல் உப்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. கல் உப்பில் மெக்னீசியம் உப்பும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே நீர்விட்டுவிடும்.

இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்புவது

ஈரம் உறிஞ்சும் மணிகளோடு ஷூ பெட்டியில் வரும் அந்தச் சின்னப் பொட்டலம் கப்பலிலும் கிடங்கிலும் கிடந்து, நம் கைக்கு வருவதற்குள் ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும். கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. சுமார் 28 கன மீட்டர் காற்று. ஐப்பசி அடைமழையில் 30 டிகிரியும் 85 சதவீதமும் இருந்தால், அதை 50 சதவீதத்துக்குக் கொண்டுவர அந்தக் காற்றிலிருந்து மட்டும் ஏறக்குறைய 300 கிராம் தண்ணீரை எடுக்க வேண்டும். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சும். அப்படியென்றால் ஒரு கிலோவாவது வேண்டும். நீங்கள் கதவைத் திறந்து மூடும் நேரத்தில் வெளியிலிருந்து அதே ஈரம் மறுபடி வந்து நிற்கும்.

அறைக்கு, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் இயந்திரம், மூடிய டப்பாவுக்கு சிலிக்கா ஜெல். இதுதான் என் தீர்ப்பு. டப்பாவுக்கு ரப்பர் விளிம்பு இருக்க வேண்டும், உள்ளே ஷூ ஏற்கெனவே காய்ந்திருக்க வேண்டும், 50 கிராம் ஜெல் போதும். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, வீட்டில் வேண்டாம். நிறம் மாறினால் மணிகளைத் தட்டில் பரப்பி 110 முதல் 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். மொட்டை மாடி வெயில் அந்தச் சூட்டுக்குப் போகாது. பீரோவில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் பைகளில் இருப்பது கால்சியம் குளோரைடு. அதில் சேரும் நீர் சிந்தினால் தோலில் கறை விடும். ஷூவுக்கு மேலே எப்போதும் மாட்டாதீர்கள்.

மின்சாரத்தை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, நாகை, திருவாரூர் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மழைக்காலத்தில் அப்படி ஒரு நிலை வந்தால் அறையில் இருக்கும் எந்த இயந்திரமும் உதவாது. அருமையான ஜோடிகளுக்காவது ரப்பர் விளிம்பு டப்பாவைத் தயாராக வைத்திருங்கள்.

மழையில் பிளாஸ்டிக் சுற்றுவது

சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக்கால் ஷிரிங்க் ராப் செய்து வைத்தால் காற்றே போகாது என்று பலர் நம்புகிறார்கள். கார்த்திகை மழையில் சுற்றினால் கார்த்திகை மழையையும் சேர்த்தே சுற்றுகிறீர்கள். நுரையிலிருந்து வரும் அமிலமும் பசையின் ஆவியும் வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றும். சுற்றியே ஆக வேண்டும் என்றால், அறையில் ஈரப்பதம் 50க்கு அருகே பல நாள் இருந்த பிறகு சுற்றுங்கள். டப்பாவில் வைத்தாலும் மாதம் ஒருமுறை திறந்து விடுங்கள்.

நம் ஊரில் பெட்டிகளைத் திறந்து காற்றாட விட நல்ல காலம் ஆனி, ஆடி. மேல்காற்று அடிக்கும் பகலில் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் ஈரப்பதம் 50க்குக் கீழே இறங்குவது உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நாற்று விடும் அந்த நாட்களில்தான் நான் எல்லாப் பெட்டிகளையும் திறப்பேன். காலை எட்டு மணிக்கு அல்ல, மதியம் பன்னிரண்டுக்கு மேல், நிழலில், மின்விசிறி போட்டு. கடலோரம் நாகையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு, கடற்காற்று ஈரத்தோடு வரும். அவர்கள் மீட்டரைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

வெயில் இங்கே எதிரி. வடாம், நெல், மெத்தை எல்லாவற்றையும் வெயிலில் போட்டே பழகிய கை ஷூவையும் அங்கே கொண்டுபோகும். புற ஊதாக் கதிர் வெள்ளை அடியை மஞ்சளாக்கும், சூடு பசையை விட வைக்கும். பரணும் அப்படித்தான். கான்கிரீட் கூரையை ஒட்டிய அந்த இடத்தில் சித்திரையில் கை வைத்துப் பாருங்கள்.

ஏ.சி. அறையிலும் கவனம் வேண்டும். 24 டிகிரியில் இரவெல்லாம் குளிர்ந்த ஷூ மேல், காலையில் கதவைத் திறந்ததும் வெளியே இருக்கும் ஈரக்காற்று பட்டால், ஜில்லென்ற சொம்பின் மேல் வியர்ப்பது போல நீர் படியும். எடுக்க வேண்டியதை மூடிய பெட்டியிலேயே வெளியே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

சுவர், தரை, பூச்சி

பழைய வீடுகளில் சுவரடியில் ஓதம் ஏறும். பெட்டிகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி, இரும்பு ரேக்கில் வையுங்கள். அட்டைப் பெட்டி ஈரத்தைக் குடிக்கும், ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் அதுதான் தீனி. அசல் பெட்டிக்கு விலை உண்டு என்பதால் எறிய வேண்டாம், தட்டையாக மடித்துத் தனியே வைக்கலாம். உள்ளே திணிக்க நாளிதழ் வேண்டாம், மை ஒட்டும். அமிலமில்லாத வெள்ளை டிஷ்யூ நல்லது. அந்துருண்டையும் வேண்டாம். அதன் வாசம் நுரையில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது, அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கவும் செய்யும்.

பூஞ்சை வந்துவிட்டால் முதலில் அந்த ஜோடியை மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். வீட்டுக்குள் பிரஷ் போட்டுத் தட்டினால் வித்து எல்லா இடத்துக்கும் பறக்கும். முகமூடி போட்டுக்கொண்டு வெளியே, 70 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். ஸ்வேடு என்ற சொரசொரப்பான மென்தோல் என்றால் வெளியே தெரியாத ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள், சாயம் இறங்கலாம்.

மன்னார்குடியில் உதிர்ந்த அந்த ஜோடியின் மேல் பாகத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதே வடிவத்தில் புதிதாக வந்த, மேல் பாகம் கிழிந்த ஒரு ஜோடி கிடைத்தால் அதன் அடியை எடுத்து இதில் ஒட்டலாம். சோல் ஸ்வாப் என்பார்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்தாயிற்று, அளவு ஒன்பது. மேல்காற்று தொடங்கும்வரை டப்பாவில் இருக்கிறது.