‘பிறெஷர்’ என்ற ஆங்கிலச் சொல்லை இடமறிந்து கையாளுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் “அம்மாவுக்குப் பிறசர்” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் எவரும் “என்ன பிறசர்?” என்று திருப்பிக் கேட்பதில்லை. உயர் குருதியமுக்கத்தையே சொல்கிறார் என்பதும், குளிசையை ஒழுங்காக எடுக்கிறாரா என்று அடுத்துக் கேட்கவேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் பல துறைகளில் வழங்கும் சொல் எங்கள் பேச்சில் ஒரு நோயின் பெயராகச் சுருங்கிவிட்டது. பேச்சில் அதனால் குறையேதும் இல்லை. ஆனால் அதே பழக்கத்தில் ஒரு மாணவர் “ஐ ஹாவ் பிறெஷர்” என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, நோயைச் சொல்கிறாரா, வேலை நெருக்கடியைச் சொல்கிறாரா என்பது வாசிப்பவருக்கு விளங்குவதில்லை. உயர்தர வகுப்புக் கட்டுரைகளில் நான் அடிக்கடி திருத்த நேரும் சொற்களில் இது ஒன்று என்பதால், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சொல்லை எழுதுவதற்கு முன்னர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எது அமுக்குகிறது? எது அமுக்கப்படுகிறது? அமுக்குதல் என்று பொருள்படும் ‘பிறெமெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது; ஆகவே எந்தப் பொருளில் வந்தாலும் அமுக்குவதும் அமுக்கப்படுவதும் அதற்குள் இருக்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் எங்கள் வீடுகளில் எரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கை எண்ணிப் பாருங்கள். பம்ப் அடித்து ஏற்றிய காற்று மண்ணெண்ணெயை அமுக்கி மேலே தள்ள, எண்ணெய் ஆவியாகி மாண்டிலில் எரிந்தது. காற்று அமுக்குகிறது, எண்ணெய் அமுக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அமுக்கப்படுவதற்கு முன்னால் ‘ஒன்’ வரும், அமுக்குவதற்கு முன்னால் ‘ஃபிறொம்’ வரும். இந்த இரண்டு முன்னிடைச் சொற்களையும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழைகள் நின்றுவிடும்.

அளக்கக்கூடிய பொருளில் இச்சொல்லைக் கையாளுவது எளிது. இலங்கைப் பாடநூல்கள் இதனை ‘அமுக்கம்’ என்றும், தமிழகத்து நூல்கள் ‘அழுத்தம்’ என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஒன்றே என்பதால் அகராதியைப் பார்த்துக் குழம்பவேண்டியதில்லை. ஓர் அளவை எண்ணால் குறிக்கும்போது ‘அற் ஏ பிறெஷர் ஒஃப்’ என்று தொடங்கி எண்ணையும் அலகையும் எழுதவேண்டும். கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கத்தின் நியம அளவு 1013.25 ஹெக்டோபாஸ்கல். சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அலகே வழக்கில் இருக்கிறது. குருதியமுக்கம் 120/80 என்று எழுதப்படுவது இரச மில்லிமீற்றரில். முதல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அமுக்கம், இரண்டாவது அது விரியும்போது உள்ள அமுக்கம். நோயை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹை பிளட் பிறெஷர்’ என்று மூன்று சொற்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வானிலை அறிக்கையைக் காத்திருந்து கேட்கும் எங்களுக்கு ‘தாழமுக்கம்’ புதிய சொல் அன்று. 2020 டிசெம்பரில் வடக்கைக் கடந்த புரேவிப் புயலும் தாழமுக்கமாகவே தொடங்கியது. தமிழில் இந்த ஒரு சொல் போதுமாக இருக்கும் இடத்தில், ஆங்கிலம் ‘லோ பிறெஷர் ஏரியா’ என்பதையும் அதனைவிட வலுத்த நிலையான ‘டிப்பிறெஷன்’ என்பதையும் வேறுபடுத்துகிறது. இரண்டாவது சொல்லும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். கீழே அமுக்கப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். மனச்சோர்வு நோய்க்கும் அதே பெயர் ஏன் வந்தது என்பது இங்கே தெளிவாகும்.

பிழைகள் மலிந்திருப்பது மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான். நெருக்குவாரத்துக்கு உள்ளான ஒருவர் ‘அண்டர் பிறெஷர்’ இருக்கிறார். தமிழில் “பிறசரில் இருக்கிறேன்” என்று சொல்வதை அப்படியே மாற்றி ‘இன் பிறெஷர்’ என்று எழுதுவது தவறு; நடுவில் ‘த’ என்ற சுட்டிடைச்சொல்லைச் செருகுவதும் இந்தத் தொடரில் பொருந்தாது. என்ன செய்யும்படி நெருக்குகிறார்கள் என்பதைச் சொல்ல ‘ரு’ சேரும்: ‘அண்டர் பிறெஷர் ரு றிசைன்’ என்றால் பதவி விலகும்படி நெருக்கப்படுகிறார் என்று பொருள். பொதுவாக இச்சொல் பன்மை ஏற்பதில்லை. வெவ்வேறு நெருக்கடிகள் சேர்ந்து வருவதைச் சொல்லும்போது மட்டும், பணம், வேலை, குடும்பம் என்று பல பக்கத்தாலும் வருவனவற்றை, ‘பிறெஷர்ஸ்’ என்று எழுதலாம்.

வினையாகவும் இது வரும். ஒருவரை வற்புறுத்தி ஒரு காரியத்தைச் செய்விப்பதை அமெரிக்கர் ‘பிறெஷர்’ என்றே எழுதுவர். பிரித்தானியர் ‘பிறெஷறைஸ்’ என்றும் எழுதுவர். விமானத்தின் உட்பகுதியில் காற்றமுக்கத்தைப் பேணுவதற்கு இரு நாட்டாரும் பின்னைய சொல்லையே பயன்படுத்துகின்றனர்.

‘ஸ்ரெஸ்’ என்ற சொல்லோடு இதனை மாற்றிப் போடுவது அடுத்த பெருங்குழப்பம். இதற்கு எங்கள் ஊர்த் தமிழே நல்ல விளக்கம் தருகிறது. சோதனை நெருங்குகிறது, வீட்டார் மருத்துவபீடம் என்கிறார்கள், ரியூசன் வகுப்பில் பாடம் முடியவில்லை: இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் நெருக்குவாரங்கள், ஆகவே ‘பிறெஷர்’. அவற்றால் பிள்ளையின் உள்ளே எழும் அந்தரமே, அதாவது பதற்றமே, ‘ஸ்ரெஸ்’. ஒரே நெருக்குவாரத்தில் ஒரு பிள்ளை அந்தரப்படும், இன்னொன்று அமைதியாகப் படிக்கும். அதனால்தான் ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் வேண்டியிருக்கின்றன. இந்த வேறுபாடு விளங்காமல் எழுதினால், நெருக்கியவரை விட்டுவிட்டுப் பிள்ளையின் மனத்தையே குறைசொல்வதாக வாக்கியம் முடிந்துவிடக்கூடும் என்பது என் கவலை.

பயிற்சிக்கு, நாளிதழ் ஒன்றில் ‘அழுத்தம்’ என்று வரும் செய்திகளை எடுத்து, யார் யாரை அமுக்குகிறார் என்று முதலில் தமிழிலேயே கோடிட்டுக்கொண்டு, பின்னர் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அமுக்குபவர் பெயரைச் செய்தி மறைத்திருந்தால், உங்கள் வாக்கியத்தில் ‘ஃபிறொம்’ வராது. கடைசியாக ‘நோ பிறெஷர்’ என்ற தொடரையும் மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘அமுக்கம் இல்லை’ என்று என் மாணவர் பலர் எழுதியிருக்கிறார்கள். “அந்தரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ” என்று எழுதியவருக்கே நான் முழுப் புள்ளி கொடுத்தேன்.