ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வீட்டில் தினமும் அரை மணி நேரம்

ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தாலே பல ஊர்களில் அது பெரிது. மீதி நேரமெல்லாம் குழந்தை அம்மா, அப்பா, பாட்டி, தாத்தாவோடு வீட்டில்தான் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்தும் எளிய முறை ஒன்றை இங்கே விளக்குகிறேன். இங்கிலாந்தில் 152 சிறு குழந்தைகளின் குடும்பங்களோடு நடத்தப்பட்டு 2010இல் வெளியான ‘பேக்ட்’ ஆய்வில், பயிற்சியாளர் குழந்தைக்கு நேரடியாகப் பாடம் நடத்தவில்லை. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்துப் பேசினார். பெற்றோர் வீட்டில் தினமும் அரை மணி நேரம் பழகினார்கள். இதே முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு செய்து பார்த்தபோது, குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது என்று 2016இல் அறிவித்தார்கள். இது ஆட்டிசத்தைக் ‘குணப்படுத்தும்’ முறை அல்ல. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே பேச்சும் புரிதலும் வளர உதவும் முறை.

முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். கூப்பிட்டால் திரும்பாததற்குச் செவித்திறன் குறைவும் காரணமாக இருக்கலாம். அதே சமயம், ஆட்டிசம்தானா என்று மருத்துவர் உறுதி சொல்லும் வரை இந்த விளையாட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எந்தக் குழந்தைக்கும் இதனால் தீங்கு இல்லை.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, குழந்தை வயிறு நிறைந்து, தூக்கக் கலக்கம் இல்லாமல் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தரையில் உட்காருங்கள். உங்கள் முகம் குழந்தையின் முகத்துக்கு எதிரே, அதே உயரத்தில் இருக்க வேண்டும். விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம். டப்பா மூடிகள், கரண்டிகள், தண்ணீர் நிறைந்த வாளி என்று குழந்தைக்குப் பிடித்தது எதுவோ அதுவே போதும். முதல் சில நிமிடங்கள் எதையும் சொல்லிக்கொடுக்காமல், அது எதைப் பார்க்கிறது, எதைத் தொடுகிறது, எந்தச் சத்தத்துக்குச் சிரிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். குழந்தை மூடிகளை வரிசையாக அடுக்கினால் வரிசையைக் கலைக்காமல், நீங்களும் ஒரு மூடியை எடுத்து வரிசையின் கடைசியில் வையுங்கள். அது உங்கள் கையை ஒரு கணம் பார்த்தால் அதுவே தொடர்புதான்.

நம் வீடுகளில் கைவிட மிகவும் கடினமான பழக்கம் கேள்வி கேட்பது. ‘இது என்ன? இது என்ன கலர்? மாமாவுக்குப் பேர் சொல்லு’ என்று அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் பேச்சு வராத குழந்தைக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு தேர்வாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, குழந்தை எதைக் கவனிக்கிறதோ அதன் பெயரை ஓரிரு சொல்லில் சொல்லுங்கள்: ‘மூடி’, ‘மூடி உருளுது’. சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் காத்திருங்கள். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்த முறையிலேயே கடினமான பகுதி என்பது என் கருத்து. குழந்தை ஒரு பார்வை, ஒரு சத்தம், ஒரு கை இழுப்பு என்று எதைத் தந்தாலும் உடனே பதில் கொடுங்கள்.

சொன்னதையே திருப்பிச் சொல்லும் குழந்தைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘தண்ணி வேணுமா?’ என்று நாம் கேட்டுக் கேட்டு, தாகம் எடுக்கும்போது அந்தக் குழந்தையும் ‘தண்ணி வேணுமா’ என்றே சொல்கிறது. அது கேலியும் அல்ல, பிடிவாதமும் அல்ல. தனக்குக் கிடைத்த சொற்றொடரைக் கொண்டு அது கேட்கிறது. ஆகவே அது சொல்ல வேண்டிய வடிவத்திலேயே நீங்கள் சொல்லுங்கள்: தம்ளரை நீட்டி, ‘தண்ணி வேணும்’. பேச்சே வராத குழந்தைக்கு அது தினமும் கேட்கும் பொருள்களைப் புகைப்படம் எடுத்து அட்டைகளாகச் செய்துகொடுக்கலாம். படத்தைக் காட்டப் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் தேவையற்றது.

வாரம் ஒரு முறை கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்து விளையாட்டைப் பத்து நிமிடம் பதிவு செய்து, குழந்தை தூங்கிய பிறகு கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பாருங்கள். எத்தனை முறை கேள்வி கேட்டோம், குழந்தை நம்மைப் பார்த்தபோது எத்தனை முறை கவனிக்காமல் விட்டோம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தவற்றை ஒருவர் சுட்டிக்காட்டும் நேரமாக அது மாறிவிடக்கூடாது. நன்றாக நடந்த ஒரு நிமிடத்தை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.

குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழும் நாளில் பயிற்சியை விட்டுவிட்டு, வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் அதன் அருகில் இருந்தால் போதும். வந்த சொற்கள் மறைந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். ஸ்டெம் செல் சிகிச்சையால் ஆட்டிசம் தீரும் என்று யாராவது பெரும் தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. மூன்று மாதம் கழிந்ததும் முதல் வீடியோவையும் புதிய வீடியோவையும் உங்கள் பேச்சுப் பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் காட்டி, அடுத்து எந்தச் சொற்களை, எந்த விளையாட்டைச் சேர்க்கலாம் என்று கேளுங்கள்.