பாலிஅமீன் மருந்து மூலக்கூறை வடிவமைக்கும் முறை

புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மைன் ஆகிய பாலிஅமீன்கள் (பல அமீன் தொகுதிகள் கொண்ட சிறு மூலக்கூறுகள்) போதிய அளவில் இல்லாவிட்டால் உயிரணுக்கள் பெருகுவதில்லை. விரைந்து பெருகும் புற்றணுக்களுக்கும் ஒட்டுண்ணிகளுக்கும் இவை மிகுதியாகத் தேவைப்படுகின்றன. ஆகவே, இவற்றின் உற்பத்தியைத் தடுப்பதா, போலியைக் கொடுத்து உயிரணுவை ஏமாற்றுவதா, உள்ளே நுழையும் வழியையே பயன்படுத்தி நஞ்சை அனுப்புவதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தடுப்புக்குச் சிறந்த பாடம் ஈஃப்ளோர்னிதின். புட்ரெசினை உருவாக்கும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நொதியோடு அது மீளமுடியாதபடி பிணைகிறது. மனித உயிரணுவில் அந்நொதி சிறிது நேரத்திலேயே சிதைந்து புதிதாக உருவாகிவிடுகிறது. உறக்க நோயை உண்டாக்கும் காம்பியன்ஸ் வகை டிரிபனோசோமாவிலோ நெடுநேரம் நிலைத்திருப்பதால், ஒருமுறை முடங்கினால் ஒட்டுண்ணி எளிதில் மீள்வதில்லை. அமெரிக்காவில் 1990-இல் உறக்க நோய்க்கும், 2023-இல் நியூரோபிளாஸ்டோமா என்னும் குழந்தைகளின் நரம்புப் புற்றுநோய்க்கும் இம்மருந்து ஒப்புதல் பெற்றது. ஆனால் புற்றணு, உற்பத்தி நின்றாலும் வெளியிலிருந்து பாலிஅமீனை இழுத்துக்கொள்ளும்.

போலி மூலக்கூறில் நைட்ரஜன்கள் ஏந்தும் நேர் மின்னூட்டங்களின் எண்ணிக்கையைப் போலவே அவற்றுக்கிடையிலான தூரமும் முக்கியம். ஸ்பெர்மைனின் நைட்ரஜன்களுக்கிடையே 3-4-3 என அமைந்த கார்பன்களை 3-3-3 ஆக்கி, இரு முனைகளிலும் ஈத்தைல் தொகுதியைச் சேர்த்தால், உயிரணு தன்னிடம் போதுமான இருப்பு உள்ளதெனக் கருதி உற்பத்தியைக் குறைத்து, சொந்தப் பாலிஅமீன்களையும் அசிட்டைல் ஏற்றி வெளியேற்றிவிடும். அழகான தருக்கம்தான், ஆயினும் மார்பகப் புற்றுநோயில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் இந்த மூலக்கூறு பலன் காட்டவில்லை.

நஞ்சைச் சுமக்கும் வடிவத்துக்கு, மூன்று வளையங்கள் கொண்ட ஆந்த்ரசீனுடன், நைட்ரஜன்களுக்கிடையே நான்கு நான்கு கார்பன்கள் உள்ள 4-4 சங்கிலியை இணைப்பது நல்ல தொடக்கம். அது பாலிஅமீனை உள்ளே கடத்தும் வாயில் வழியாகத்தான் நுழைகிறதா என்பதை அறிய, அந்த வாயில் உள்ள வெள்ளெலிச் சூலக உயிரணுக்களிலும் அது பழுதுபட்ட திரிபிலும் சேர்மத்தைச் சோதித்து, இரண்டிலும் கிடைக்கும் நச்சுத்தன்மையை ஒப்பிட வேண்டும்.

பலரும் தவறும் இடம் வளர்ப்பு ஊடகம். அதில் சேர்க்கும் மாட்டுச் சீரத்திலுள்ள அமீன் ஆக்சிடேஸ் நொதி, முனை அமீன்களைச் சிதைத்து ஆல்டிஹைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். உயிரணுக்கள் அவற்றால் சாக, நாம் மருந்தைப் பாராட்டிக்கொண்டிருப்போம். ஊடகத்தில் அந்நொதியைத் தடுக்கும் அமினோகுவானிடினை 1 மில்லிமோலார் அளவில் சேர்த்தால் இது தவிரும். சேர்மத்தையும் தனி அமீனாக வைக்காமல் ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கியே எடைபோட வேண்டும். தனி அமீன் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி எடையைப் பொய்யாக்கிவிடும்.