எக்செல் மேக்ரோவுல டிம் போடேக்க விடுற பிழைகள்

கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் நெல்லுக் கணக்க எக்செல் மேக்ரோவுல எழுதிப் பழகுற தம்பி தங்கச்சிமார்ர கோடைப் பார்த்தா முதல் வரியே இப்பிடித்தான் கிடக்கும்: டிம் பேக்ஸ், கிலோ, ரேட் ஆஸ் லாங். (டிம் எண்டா வேரியபிள அறிவிக்கிற வரி, லாங் எண்டா பெரிய முழு எண் வகை. எடிட்டர்ல தமிழ் எழுத்து எடுபடாது, இங்லீஷ்லதான் அடிக்கோணும்.) மூண்டும் லாங் எண்டு நினைச்சுத்தான் எழுதுறாங்க, ஆனா விபிஏயில (மேக்ரோ எழுதுற மொழி) கடைசி ரேட் மட்டும்தான் லாங், மத்த ரெண்டும் எந்த வகையும் ஏத்துக்கிற வேரியண்ட். கூட்டிக் கழிக்கிற வரைக்கும் ஒண்டும் தெரியாது, மறுகா அந்த பேக்ஸ லாங் கேக்கிற இன்னொரு சப்புக்கு (தனியா எழுதின மேக்ரோ துண்டுக்கு) அனுப்பினா "பைரெஃப் ஆர்குமென்ட் டைப் மிஸ்மேட்ச்" எண்டு நிண்டுடும், நீங்க அனுப்பின வரியையே திருப்பித் திருப்பிப் பார்ப்பீங்க, பிழை கிடக்கிறது மேல டிம்முல. ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியா ஆஸ் லாங் போடுங்க.

இதவிடப் பொல்லாதது பைரெஃப். பைவால் (ByVal, நகல் அனுப்புறது) எண்டு நீங்க எழுதாட்டி விபிஏ தானா பைரெஃப்தான் எடுக்கும், அதாவது உள்ளுக்க போறது நகல் இல்ல, உங்கட வேரியபிளேதான். ஈரத்துக்குக் கழிக்க ஒரு ஃபங்ஷன் எழுதி அதுக்குள்ள கிலோ = கிலோ - 2 எண்டு போட்டா வெளியில இருக்கிற கிலோவும் குறையும், ரெண்டு தரம் கூப்பிட்டா 4 கிலோ போயிடும், எர்ரர் எண்டு ஒண்டும் வராது. வட்டையில வெயிலுக்க நிண்டு விளைவிச்சவர்ர காசு அது, தயவுசெஞ்சு இதுல கவனமா இருங்க. மாத்தத் தேவையில்லாத எல்லாத்துக்கும் முன்னுக்கு பைவால் போடுங்க.

மாத்தி எடுக்கத்தான் அனுப்புறீங்க எண்டா அடைப்புக்குறியில கவனம். கால் (Call) எண்டு எழுதாம சப் பேருக்குப் பிறகு (கிலோ) எண்டு போட்டா நகல்தான் போகும், மாத்தினது திரும்பி வராது.

இன்டிஜர் (சின்ன முழு எண் வகை) வேணாம், 32,767 தாண்டினா ஓவர்ஃப்ளோ எண்டு எர்ரர் வரும், ஷீட்டுல வரியே 10,48,576 இரிக்கு. லாங் போட்டாலும் 600 * 65 எண்டு நேரா எழுதினா அதே எர்ரர்தான் வரும், ஏனெண்டா ரெண்டும் சின்ன நம்பர் எண்டு இன்டிஜராவே பெருக்கும், 600& எண்டு எழுதினாச் சரி.

கிலோவ ஒரு எழுத்து மாத்தி அடிச்சிட்டா அது புது வேரியபிளாகி வெறுமையா, கணக்குல 0 ஆ நிக்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ்ல "ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்" டிக் பண்ணுங்க, டிம் போடாத பேர அது பிடிச்சுக் காட்டும்; ஆனா அது புது மாடியூலுக்குத்தான் வேலை செய்யும், பழசுல மேல நீங்களே ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் எண்டு அடிக்கோணும்.